பழைய போட்டுக்கு முன் கண்ணாடி மாத்த: அக்ரிலிக்கா, பாலிகார்பனேட்டா, நெசக் கண்ணாடியா?

உவரி, மணப்பாடு, தூத்துக்குடின்னு நம்ம பக்கத்துல பழைய ஸ்பீடு போட்டு, இல்லன்னா கேபின் வச்ச ஃபைபர் போட்டு வச்சிருக்கவங்க கொஞ்சப் பேருதான், ஆனா அவிய எல்லாரும் என்னைக்காவது ஒரு நாள் இதே கேள்வியோட வந்து நிக்காவ. முன் கண்ணாடி விரிஞ்சிட்டு, இல்லன்னா மங்கிப் போயி எதிர்ல ஒண்ணும் தெரியல, போட்ட செஞ்ச கம்பெனில அந்த மாடலே இப்ப கெடையாது. போர்டு எழுதுற கடைக்காரரு அக்ரிலிக் போடுங்காரு, கூரை போடுறவரு பாலிகார்பனேட் போடுங்காரு, பஸ் கண்ணாடி மாத்துறவரு அதெல்லாம் பிளாஸ்டிக்கு சார், கண்ணாடின்னா கண்ணாடிதான்னு சொல்லுதாரு. மூணு பேரும் பொய் சொல்லல, அவரவர் கடையில இருக்கத அவரவர் சொல்லுதாவ, அம்புட்டுதான்.

என் முடிவ முன்னாலயே சொல்லிருதேன், பொறவு சண்டைக்கு வரலாம். பழைய போட்டுன்னா ஷீட்டு எதுன்னு தேடுறதுக்கு முன்னால ஃப்ரேமையும் அது உக்காந்திருக்க டெக்கையும் (போட்டோட மேல்தளம்) பாக்கணும், செலவு முக்காவாசி அங்கனதான் ஒளிஞ்சு கெடக்கு. அது ரெண்டும் நல்லா இருந்தா முக்காவாசிப் பேருக்கு நல்ல கேஸ்ட் அக்ரிலிக் (அச்சுல ஊத்தி வார்த்த ஷீட்டு) போதும். பாலிகார்பனேட் கொஞ்சப் பேருக்கு கட்டாயம் வேணும். நெசக் கண்ணாடி வைப்பர் ஓடுற கேபின் போட்டுக்கு மட்டும்.

## எத வச்சு முடிவு பண்ண

மொத வெசயம் வளைவு. உங்க கண்ணாடி தட்டையா, ஒரே பக்கமா லேசா வளைஞ்சதா, இல்ல ரெண்டு பக்கமும் வளைஞ்சு கிண்ணமா நிக்கா? கடைசி ரகம்னா அச்சு இல்லாம யாராலயும் செஞ்சு குடுக்க முடியாது, அந்த எடத்துலயே பாதி ஆப்ஷன் அடிபட்டுப் போவும்.

ரெண்டாவது ஃப்ரேம்ல இருக்க பள்ளத்தோட அகலம். வெளிநாட்டுலேருந்து வந்த பழைய போட்டுல பல இடத்துல கால் இஞ்சு ஷீட்டுதான், அதாவது 6.35 மில்லிமீட்டர். இங்க நீங்க 6 மில்லிமீட்டர் ஷீட்ட வாங்கிச் சொருகுனா ஓடும்போது கடகடன்னு ஆடும், ஆடுற எடத்துலதான் விரிசல் தொடங்கும். அதுலயும் கேஸ்ட் அக்ரிலிக்ல தடிமன் ஒரே சீரா இருக்காது, 6 மில்லிமீட்டர்னு லேபிள் ஒட்டிருக்கும், வெர்னியர் காலிபர் வச்சு பாத்தா ஒரு மூலையில 5.6 காட்டும் இன்னொரு மூலையில 6.2 காட்டும். கடைக்குப் போகும்போது காலிபரக் கையிலயே கொண்டு போங்க, கடைக்காரரு மொறச்சா மொறைக்கட்டும்.

மூணாவது, போட்டு எங்க ஓடுது எங்க கெடக்கு. அணைத் தண்ணில ஓடுற போட்டும், உவரிக் கரையில மணல்ல இழுத்துப் போட்ட போட்டும் ஒண்ணு கெடையாது. ஆனி ஆடில கச்சான் காத்து வீசும்போது தேரிக்காட்டு செம்மணல் எல்லாம் பறந்து கடக்கர வர வரும், அந்த மணலு ஷீட்டு மேல படிஞ்சு கெடக்கும்போது ஒருத்தன் பனியன் துணிய எடுத்து வரட்டுன்னு துடைச்சான்னா அதோட அந்த ஷீட்டு கதை முடிஞ்சுது.

நாலாவது, அதுல எது வந்து மோதும். எல்லாரும் காத்தத்தான் நெனைக்காவ. கணக்குப் போட்டுப் பாருங்க, போட்டு 20 நாட் (கடல் மைல்) வேகத்துல போவுதுன்னா மணிக்கு 37 கிலோமீட்டர், எதிர்க்காத்து ஒரு 30 கிலோமீட்டர்னு வைங்க, மொத்தம் 67. அந்த வேகத்துல அரை சதுர மீட்டர் ஷீட்டு மேல விழுற காத்தோட அழுத்தம் பத்து, பதினோரு கிலோதான். அது ஒரு சோலியே கெடையாது. அந்த ஷீட்ட உடைக்கிறது யாருன்னா, கரையிலேருந்து ஏறும்போது மேல் ஓரத்தப் பிடிச்சுத் தொங்குற எழுவது கிலோ ஆளு. இல்லன்னா முன்னாலேருந்து வீசி எறிஞ்ச நங்கூரக் கயிறு. அலையில போட்டு குதிச்சு விழும்போது மொத்தத் தண்ணியும் ஒண்ணா வந்து அறையுறது அடுத்தது.

இன்னொண்ணு, அடுத்த தடவ உடைஞ்சா மாத்துறது எவ்வளவு லேசுன்னு பாருங்க. பழைய போட்டு, இன்னொரு தடவ உடையத்தான் செய்யும்.

## ஒரு பார்வையில

| | அக்ரிலிக் | பாலிகார்பனேட் | டஃபன்டு / லேமினேட்டடு கண்ணாடி |
|---|---|---|---|
| 6 மி.மீ. தடிமன், 1 சதுர மீட்டர் எடை | 7.1 கிலோ | 7.2 கிலோ | 15 கிலோ |
| ஊடுருவுற வெளிச்சம் | 92% | 88% வாக்குல | 90% வாக்குல |
| அடி | கண்ணாடிய விட நல்லா தாங்கும், ஓட்டை ஓரத்துல விரியும் | சுத்தியல் அடியும் தாங்கும் | டஃபன்டு சாதாக் கண்ணாடிய விட 4, 5 மடங்கு |
| கீறல் | விழும், தேச்சு எடுக்கலாம் | சட்டுனு விழும், எடுக்க முடியாது | லேசுல விழாது |
| வெயில் | நெறம் மாறாது | யூவி கோட்டிங் (வெயில் கதிரத் தடுக்குற பூச்சு) இல்லன்னா மஞ்சளாவும் | ஒண்ணும் ஆவாது |
| வைப்பர் | கூடாது | கூடாது | போடலாம் |
| நம்ம கையில வெட்ட, ஓட்டை போட | முடியும், பதறக் கூடாது | லேசா முடியும் | டஃபன் பண்ணுன பொறவு முடியாது |

## இருக்கத ஒட்டி ஓட்டலாமா

பழைய ஷீட்டு அக்ரிலிக்கா இருந்து ஒரு விரல் நீளத்துக்கு விரிசல்னா ஓட்டலாம். விரிசல் எங்க முடியுதோ அங்கன 3 மில்லிமீட்டர்ல ஒரு சின்ன ஓட்டை போட்டா அது மேற்கொண்டு ஓடாது. போர்டு கடையில குளோரோஃபார்ம் விட்டு ஒட்டுவாவ, அது அக்ரிலிக்க உருக்கி ஒண்ணா சேத்துரும், வெளிக்காத்துல வச்சு ஒட்டச் சொல்லுங்க, அந்த ஆவி உடம்புக்கு ஆவாது. ஆனா ஷீட்டு பூரா சின்னச் சின்ன கோடு விழுந்து, சாயங்காலம் வெயிலுக்கு நேரா திரும்புனா மொத்தமும் பளபளன்னு வெள்ளையா தெரியுதுன்னு வைங்க, அத எந்தப் பாலிஷும் திருப்பாது. அது மேல இருக்க கீறல் இல்ல, உள்ளயே வெடிச்சிருக்கு. மாத்துங்க.

## அக்ரிலிக்

பழைய போட்டு பலதுல கம்பெனியே போட்டு வந்தது இதுதான். தெளிவு கண்ணாடிய விட கூட, வெயில்ல மஞ்சளாவாது, கீறல் விழுந்தா தண்ணி போட்டு 800, 1200, 2000ன்னு எமரி பேப்பர்ல ஏறு வரிசையா தேச்சு பாலிஷ் காம்பவுண்டு போட்டா பழையபடி ஆயிரும். இந்த ஒண்ணுக்காகவே நான் இதுக்கு ஓட்டு போடுவேன், ஏன்னா நம்ம கடக்கரையில கீறல் விழாத ஷீட்டுன்னு ஒண்ணு கெடையாது, எடுக்க முடியுற கீறலா எடுக்க முடியாத கீறலாங்கறதுதான் கேள்வி.

கடையில கேக்கும்போது கேஸ்ட்டா எக்ஸ்ட்ரூடடான்னு (மெஷின்ல பிதுக்கி எடுத்த ஷீட்டு) கேளுங்க. எக்ஸ்ட்ரூடட் வெல கம்மி, தடிமன் சீரா இருக்கும், ஆனா சூடு பண்ணும்போது சுருங்கும், ஓட்டை போட்ட எடத்துல சீக்கிரம் வெடிப்பு விடும், பெட்ரோல் தின்னர் பட்டா இன்னும் மோசம். போட்டுக்கு கேஸ்ட்தான். ஷீட்டு சாதாரணமா 8க்கு 4 அடில வரும், ஆறடி முன் கண்ணாடிக்கு ஒரு முழு ஷீட்டு போவும், மிச்சத்த கடையிலயே விட்டுட்டு வராதீங்க, ஓட்டை போட்டுப் பழக அது வேணும்.

வளைவு லேசா இருந்தா சூடு இல்லாமலே ஃப்ரேம்ல வளைச்சு மாட்டலாம். கணக்கு என்னன்னா வளைவோட ஆரம் தடிமன விட இருநூறு மடங்குக்கு மேல இருக்கணும், கூட இருந்தா இன்னும் நல்லது. 5 மில்லிமீட்டர் ஷீட்டுன்னா ஒரு மீட்டருக்கு மேல. அதுக்கும் கம்மியா வளைக்கணும்னா அடுப்புல வச்சு 150லேருந்து 170 டிகிரிக்குள்ள சூடு பண்ணி அச்சு மேல போட்டு ஆற விடணும். சில பேரு ஹீட் கன்ன வச்சு ஒவ்வொரு எடமா சூடு காட்டி வளைக்காவ, பாக்க வளைஞ்சிரும், ஆனா உள்ள இழுப்பு நின்னுரும், ஒரு கோடைக்குள்ள அந்த எடம் பூரா கோடு கோடா விட்டுரும். பெரிய அடுப்பு வச்சிருக்க போர்டு கடை இல்லன்னா வளைக்கிற சோலிய எடுக்காதீங்க.

ஓட்டை போடுறதுலதான் பாதி ஷீட்டு போவுது. சாதா இரும்பு டிரில் பிட்டு அடுத்த பக்கம் வெளிய வரும்போது ஷீட்டக் கவ்வி இழுக்கும், அப்ப அப்பளம் மாதிரி பொரிஞ்சு விட்டுரும். அடியில ஒரு பிளைவுட்ட இறுக்கமா வச்சு, பிட்டு முனையக் கூராத் தீட்டி, கடைசி ரெண்டு மில்லிமீட்டர பைய எறக்கணும். ஓட்டை ஸ்க்ரூவ விட பெருசா இருக்கணும். இத ஃபைபர் மெக்கானிக் யாரும் லேசுல ஒத்துக்கிட மாட்டாவ.

"அண்ணாச்சி, 5 எம்எம் ஸ்க்ரூவுக்கு என்னத்துக்கு 8 எம்எம் ஓட்டை? ஆடும்லா?"

"ஆடட்டும் தம்பி, ரப்பர் வாஷர் போட்டு உக்கார வைப்போம். வெயில்ல ஷீட்டு நீளும்லா, அப்ப அது எங்கன போவும்?"

ஆறடி அக்ரிலிக் 30 டிகிரி சூடேறுனா கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் நீளும். அத சுத்தி இருக்க அலுமினிய ஃப்ரேம் ஒண்ணேகால் மில்லிமீட்டர்தான் நீளும். மிச்சத்துக்கு எடம் இல்லன்னா ஓட்டை ஓரத்துலேருந்து வெடிப்பு கெளம்பும். காலையில கடல்ல நனைஞ்சு மதியம் மணல்ல காயுற போட்டுக்கு இது தெனமும் நடக்கது. ஸ்க்ரூவ முழுசா இறுக்கவும் கூடாது, இறுக்கிட்டு கால் சுத்து பின்னால விடணும். தலைப்பக்கம் குழியா அறுத்து ஸ்க்ரூவ உள்ள எறக்குறது மரவேலைக்கு சரி, இதுக்கு கூடவே கூடாது.

யாருக்கு நல்லது: பகல்ல ஓட்டுறவங்க, வருசத்துல கொஞ்ச நாள்தான் எறக்குறவங்க, ஆளு ஏற தனியா கைப்பிடி வச்சிருக்க போட்டு, அணைத் தண்ணி போட்டு. மேல் ஓரம் ஃப்ரேம் இல்லாம வெறும் ஷீட்டா நிக்கிற மாடல்னா அக்ரிலிக்க 6 மில்லிமீட்டருக்கு கீழ போடாதீங்க.

## பாலிகார்பனேட்

இத சுத்தியல வச்சு அடிச்சாலும் உடையாது, அதுல சந்தேகமே வேண்டாம். கூட்டமா ஆள ஏத்தி எறக்குற போட்டு, பக்கத்து போட்டோட சேத்துக் கட்டுற எடம், டைவிங் ஆளுங்க சிலிண்டரோட ஏறி எறங்குறதுன்னா வேற யோசனையே வேண்டாம், இதுதான். ஒரு ஆளு தடுமாறி மேல விழுந்தாக்கூட ஷீட்டு வளைஞ்சு குடுக்குமே ஒழிய கூரான துண்டா உடைஞ்சு கைய கால கிழிக்காது. ஓட்டை போடவும் வெட்டவும் லேசு. சூடு இல்லாம வளைக்கிறதும் அக்ரிலிக்க விட நல்லா வரும், தடிமனோட நூறுலேருந்து நூத்தம்பது மடங்கு ஆரம் இருந்தா போதும். அதனால லேசா வளைஞ்ச பழைய ஃப்ரேமுக்கு அடுப்பு, அச்சுச் செலவு மிச்சம், இந்த லாபத்த யாரும் சொல்ல மாட்டாவ.

சிக்கல் கீறல்ல இருக்கு. நகம் பட்டாலே கோடு விழும், விழுந்த கோட்ட தேச்சும் எடுக்க முடியாது, ஏன்னா மேல இருக்க யூவி கோட்டிங் சேந்து போயிரும், அது போனா அந்த எடம் மஞ்சளாவ ஆரம்பிச்சிரும். அந்தக் கோட்டிங் பல ஷீட்டுல ஒரு பக்கம்தான் இருக்கும், அந்தப் பக்கத்துலதான் மேல ஒட்டுன பேப்பர்ல எழுத்து இருக்கும், அது வெளிய பாக்க மாட்டணும். பேப்பர ரெண்டு பக்கமும் உரிச்சுப் போட்டுட்டு பொறவு எது வெளிப்பக்கம்னு கேட்டா பாத்துச் சொல்ல யாராலயும் முடியாது, அதனால உரிக்க முன்னாடியே ஓரத்துல மார்க்கர்ல குறிச்சுக்கிடுங்க. அந்தப் பேப்பர வெயில்ல நாள் கணக்கா விட்டும் வைக்காதீங்க, சூட்டுல வெந்து ஒட்டிக்கிடும், பொறவு நகத்தால சொரண்டி எடுக்க வேண்டி வரும், சொரண்டுனா கீறல்.

கடையில இன்னொரு குழப்பம் இருக்கு. நம்ம ஊர்ல பாலிகார்பனேட்னு கேட்டா முக்காவாசி எடுத்துக் காட்டுறது கார் ஷெட்டுக்கு மேல போடுற ஷீட்டு, நடுவுல குழாய் குழாயா ஓட்டை இருக்கும், அதுல எதிர்ல ஒண்ணும் தெரியாது. உங்களுக்கு வேண்டியது கெட்டி ஷீட்டு, காம்பாக்ட்னு சொல்லுவாவ. அதுலயும் கூரைக்குப் போடுற ரகம் லேசா அலை அலையா தெரியும், ஷீட்டக் கையில பிடிச்சு அந்தப் பக்கம் இருக்க கம்பத்தப் பாத்துக்கிட்டே பைய சாய்ச்சுப் பாருங்க, கம்பம் நெளிஞ்சா வேண்டாம்.

சூடு பண்ணி வளைக்கிறதுன்னா இது அக்ரிலிக்க விட கஷ்டம். ஷீட்டுக்குள்ள ஈரம் இருக்கும், 120 டிகிரி சூட்டுல பல மணி நேரம் காய வச்சுட்டுத்தான் வளைக்கணும், இல்லன்னா உள்ள நொரை நொரையா குமிழ் விட்டுரும். நம்ம கடக்கரை ஈரத்துல இது கட்டாயம் நடக்கும். ஆழமான வளைவுன்னா பாலிகார்பனேட்ட விட்டுருங்க.

ராத்திரி ஓட்டுறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. பகல்ல தெரியாத கீறல் எல்லாம் ராத்திரி துறைமுக வெளிச்சம் பட்டா ஒவ்வொண்ணும் மின்னும், எதிர்ல லைட்டு இல்லாம கெடக்க வள்ளம் அதுல மறைஞ்சிரும். ராத்திரி ஓட்டுற போட்டுக்கு பாலிகார்பனேட் போட்டா, மங்குனதும் ஷீட்ட மாத்திரணும்னு மனசுல வச்சுக்கிட்டு வாங்குங்க, அந்த மாத்துச் செலவும் சேத்துத்தான் இதோட வெல. அதே காரணத்துக்கு கலர் ஷீட்டும் வேண்டாம், பகல்ல ஜோரா இருக்கும், அந்தி சாஞ்சா கண்ணக் கட்டுன கதைதான்.

## நெசக் கண்ணாடி

வைப்பர் வேணும்னா வேற வழி இல்ல. மழையில, அலை தெறிக்கையில ஓட்டுற கேபின் போட்டு, பெட்டி கணக்கா நேரா நிக்கிற தட்டைக் கண்ணாடி, இதுக்கு இதுதான் சரி. ரெண்டு ரகம் இருக்கு. டஃபன்டு சூடு பண்ணி வலுவாக்குன ஒரே தகடு, உடைஞ்சா மொத்தமும் பொடிப்பொடியா கொட்டும். லேமினேட்டடு ரெண்டு தகடுக்கு நடுவுல பிளாஸ்டிக் படலம் வச்சது, விரிசல் விடும், ஆனா எடத்த விட்டு விழாது.

ரோட்டுல ஓடுற வண்டில சைடு, பின் கண்ணாடிக்கு டஃபன்டு பரவால்ல. போட்டுல நம்ம ஆளுங்க செருப்பக் கழத்திட்டுத்தான் ஏறுதாவ, வெறுங்காலோட, அந்த நேரம் பொடியா கொட்டுச்சுன்னா கரை வர வர யாரும் காலத் தூக்கி வைக்க முடியாது. அதனால போட்டுக்கு லேமினேட்டடுதான் என் பக்கம். ஆனா அதுக்கும் ஒரு வியாதி இருக்கு, உப்புத் தண்ணி ஓரத்துல புகுந்து நடுப் படலத்தப் பிரிக்கும், ஓரம் பூரா வெள்ளையா பூத்து உள்ள நோக்கி வரும். ஓரத்த சீலன்ட்டால நல்லா மூடி, ஃப்ரேமோட கீழ்ப் பள்ளத்துல தண்ணி வடிய ஓட்டை விட்டா அது வர லேட்டாவும்.

டஃபன்டு ஆர்டர் குடுக்கையில அளவு ஒரு மில்லிமீட்டர் தப்பிட்டாலும் திரும்ப அறுக்க முடியாது, ஓரத்த தேய்க்கவும் முடியாது, ஓட்டையும் முன்னாலயே போட்டிருக்கணும். எது வாங்குனாலும் ஐஎஸ் 2553 (பாதுகாப்புக் கண்ணாடிக்கான இந்தியத் தரம்) முத்திரை மூலையில இருக்கான்னு பாத்துக்கிடுங்க, முத்திரை இல்லன்னா சாதாக் கண்ணாடியக் கூட தள்ளி விட்டுருவாவ.

வளைஞ்ச கண்ணாடி தனியா ஒண்ணே ஒண்ணு செஞ்சு வாங்குறதுன்னா அச்சுச் செலவு போட்டு வெலையோட போட்டி போடும். வேண்டாம்.

எடையும் கணக்குல வைங்க. பிளாஸ்டிக்க விட ரெண்டு மடங்கு கனம், அதுவும் மேல உச்சில நிக்குது. பழைய ஃபைபர் டெக் அலையில ஓடும்போது நெளியும், கண்ணாடி நெளியாது, இறுக்கி ஒட்டி வச்சா டெக் நெளிஞ்ச அன்னைக்கு கண்ணாடி விரியும். தடியான ரப்பர் பீடிங் இல்லாம பழைய போட்டுல கண்ணாடி மாட்டாதீங்க.

## வளைவ விட்டுட்டு மூணு துண்டாக்குறது

இத யாரும் ஒரு ஆப்ஷனாவே நெனைக்க மாட்டாவ, எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். வளைஞ்ச ஒத்தை ஷீட்டுக்குப் பதிலா நடுவுல ஒண்ணு ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணுன்னு மூணு தட்டை ஷீட்டு, நடுவுல ரெண்டு அலுமினியத் தூணு. நல்ல ஃபைபர் மெக்கானிக் கெடைச்சா டெக்குல ஒரு விளிம்பு கட்டி எழுப்பிக் குடுத்துருவாரு. அதுக்கு மேல எந்த ஷீட்டும் எந்த ஊர்லயும் வாங்கி மாட்டிக்கிடலாம், ஒண்ணு உடைஞ்சா ஒண்ண மட்டும் மாத்துனா போதும், நடுவுல மட்டும் கண்ணாடியும் வைப்பரும் வச்சு சைடுல அக்ரிலிக் போடலாம்.

மொதத் தடவ கூலி கூடத்தான் வரும். தூணு கண்ண மறைக்கும், அதனால ஸ்டியரிங்ல உக்காந்து பாத்து தூணு எங்கன வரணும்னு குறிச்சுட்டுத்தான் வேலைய ஆரம்பிக்கணும், மெக்கானிக்கு கரையில நின்னுக்கிட்டு சமமா பிரிச்சுருவாரு, ஓட்டுறவரு கண்ணுக்கு நேரா தூணு வந்து நிக்கும். போட்டோட அழகு போயிரும்னு சொல்றவங்க இருக்காவ. அழகுக்காக வச்சிருக்க போட்டுன்னா இத விடுங்க.

## ஒரிஜினலே வேணும்னா

மாடல் நம்பர் தெரிஞ்சு, கம்பெனி இன்னும் உயிரோட இருந்து, அச்சும் அவங்ககிட்ட இருந்தா மட்டும் யோசிங்க. ரெண்டு பக்கமும் வளைஞ்ச ஷீட்டுக்கு இதுதான் ஒழுங்கான வழி. வெளிநாட்டுலேருந்துன்னா சரக்கு வெலைக்கு மேல மரப்பெட்டி, கப்பல் கூலி, டூட்டின்னு ஏறும், வழியில உடைஞ்சா யாரு பொறுப்புன்னு எழுதி வாங்காம பணம் அனுப்பாதீங்க. பழைய போட்ட உடைச்சு விக்கிற எடத்துல கெடைக்கும்னு அலையுறவங்களுக்கு: அதுவும் உங்க ஷீட்டு வயசுதான், வெயில்ல அதே அளவு வெந்ததுதான்.

## அவசரத்துக்கு ரெக்சின் கடை

ஆட்டோவுக்கு மழைத் துணி தைக்கிற கடையில தடி பிவிசி பிளாஸ்டிக் இருக்கும். பழைய ஃப்ரேம்ல கண்ணி வச்சு தச்சு மாட்டிக்கிட்டா தண்ணி தெறிக்கிறத தடுக்கும், சீசன ஓட்டிரலாம். வெயில்ல மஞ்சளாயி வெறச்சு மடிப்புல கிழியும். மெதுவா ஓட்டுற போட்டுக்கு சரி, ஸ்பீடுல அது படபடன்னு அடிச்சு ஃப்ரேமையே ஆட்டிப் புடுங்கும்.

## மறைஞ்சு கெடக்க செலவு

ஷீட்டு வாங்க முன்னாடி பழையதக் கழத்திப் பாருங்க. கழத்தும்போது விரிஞ்ச ஷீட்டு மேல ரெண்டு பக்கமும் அகல டேப்ப குறுக்கும் நெடுக்கும் ஒட்டி, துண்டு துண்டா போகாம முழுசா எடுக்கணும், அதுதான் உங்க அளவு.

அந்த ஸ்க்ரூவப் பாத்தீங்கன்னா தலையச் சுத்தி வெள்ளை மாவா ஒண்ணு பூத்து நிக்கும், தொட்டா விரல்ல ஒட்டும். எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்க்ரூவும் அலுமினிய ஃப்ரேமும் உப்புத் தண்ணில சேந்தா அலுமினியம்தான் கரையும். ஸ்க்ரூ பளபளன்னு இருக்கும், அது பிடிச்சிருக்க எடம் உள்ளுக்குள்ள மாவாயிருக்கும். திருப்புனா பாதி ஸ்க்ரூ தலை மட்டும் கையோட வரும். எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற விட்டு, லேசா சூடு காட்டி, இம்பாக்ட் டிரைவர்ல தட்டித் திருப்பணும், அப்படியும் சிலத டிரில் பண்ணித்தான் எடுக்கணும். இந்தக் கூலி யாரும் முன்னால சொல்றதில்ல. திரும்ப மாட்டும்போது எஸ்எஸ் 316 ரக ஸ்க்ரூ போடுங்க, அலுமினியத்துல தொடாம நைலான் புஷ்ஷும் வாஷரும் வைங்க.

ஃப்ரேமத் தூக்குன பொறவு டெக்குல இருக்க ஓட்டைய ஸ்க்ரூ டிரைவரால குத்திப் பாருங்க. பல பழைய போட்டுல ஃபைபருக்கு நடுவுல பிளைவுட் இருக்கும், அந்த ஓட்டை வழியா வருசக்கணக்கா தண்ணி எறங்கி அது மக்கிப் போயிருக்கும். டிரைவர் மெத்துனு உள்ள எறங்கி ஈரமா கறுப்பா எதாவது ஒட்டிக்கிட்டு வந்தா, உங்களுக்கு இப்ப கண்ணாடி பிரச்சன இல்ல, டெக் பிரச்சன. அத வெட்டி எடுத்து புதுசா கட்டாம எந்த ஷீட்ட மாட்டுனாலும் ஸ்க்ரூ பிடிக்காது.

ஃபைபர் வேலை எல்லாம் முடிஞ்ச பொறவுதான் ஷீட்டு போட்டு கிட்ட வரணும். மெக்கானிக் எதையும் அசிட்டோன் துணியால துடைப்பாரு, அது பழக்கம், அக்ரிலிக்கோ பாலிகார்பனேட்டோ அசிட்டோன் பட்டா அந்த எடம் வெளுத்துப் போவும். ஃபைபர் கட்டுற ரெசின்ல இருக்க ஸ்டைரீனும் அதத்தான் செய்யும். பெட்ரோல், தின்னர், அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர், நட்டு லூசாகாம இருக்க விடுற ஒட்டு மருந்து, எல்லாம் விரோதி. அந்த மருந்துக்குப் பதிலா நைலாக் (உள்ள நைலான் வளையம் வச்ச நட்டு) போடுங்க. துடைக்க நல்ல தண்ணிய மொதல்ல ஊத்தி உப்பையும் மணலையும் எறக்கிட்டு, சோப்புத் தண்ணியும் மெத்துனு ஒரு துணியும் போதும்.

சீலன்ட் விசயத்துல புளிச்ச காடி வாசம் அடிக்கிற சிலிக்கான வாங்காதீங்க, அது அலுமினியத்த அரிக்கும். நியூட்ரல் கியூர்னு எழுதிருக்கத கேளுங்க. பஸ் கண்ணாடி ஒட்டுற கறுப்பு சீலன்ட் கண்ணாடிக்கு நல்லது, பிளாஸ்டிக் ஷீட்டுக்கு ஆவும்னு டப்பாவுலயே எழுதிருந்தா மட்டும் போடுங்க, இல்லன்னா ஓரம் பூரா வெடிப்பு விடும்.

## எப்ப செய்ய

கிழக்குக் கடல்ல விசைப்படகுக்கு தடைக்காலம் ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வர. அந்த நேரம் கரையில கெடக்க எல்லாப் போட்டுக்கும் வேலை நடக்கும், நல்ல ஃபைபர் மெக்கானிக்க பிடிக்கவே முடியாது, கெடைச்சாலும் சின்ன வேலைக்கு வர மாட்டாவ. கண்ணாடி சோலிய பொங்கல் கழிஞ்சு மாசி, பங்குனிக்குள்ள முடிச்சிருங்க. ஷீட்ட மாட்டுறது காலை வெயில் ஏறுமுன்ன வேண்டாம், உச்சி வெயில்லயும் வேண்டாம். குளுந்து சுருங்கி கெடக்கையில பள்ளம் முட்ட சொருகுனா மதியம் நீள எடம் இருக்காது, சூட்டுல நீண்டு நிக்கையில அளவெடுத்து வெட்டுனா ராத்திரி ஓரத்துல இடைவெளி விடும். நடுவாந்திரமா ஒரு பத்து மணி வாக்குல வச்சுக்கிடுங்க.

பழைய ஷீட்ட வச்சு 4 மில்லிமீட்டர் பிளைவுட்ல ஒரு டெம்ப்ளேட் வெட்டி, மொதல்ல அத ஃப்ரேம்ல மாட்டிப் பாத்துட்டு பொறவு ஷீட்டுல கை வைங்க. ஷீட்டு கச்சிதமா உக்காந்ததும் அந்த பிளைவுட்ல மேல் எது, இடப்பக்கம் எது, ஓட்டை எத்தன மில்லிமீட்டர், ஷீட்டு நெசத் தடிமன் என்ன, எந்தக் கடையில வாங்குனது எல்லாத்தையும் மார்க்கர்ல எழுதி பரண்ல போட்டு வைங்க.